நாலு துண்டு ஹோஸும் ஒரு மூடியும்

பழைய டீசல் கார் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேலை. எஞ்சின் ஆறின பிறகு பொனட்டைத் திறந்து இன்ஜெக்டர்களின் தலைப்பக்கத்தைப் பாருங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பாலம் போட்டது போல, பென்சில் மொத்தத்தில், துணி பின்னிய சின்ன ரப்பர் ஹோஸ் துண்டுகள் இருக்கும். விரலால் தடவிப் பாருங்கள். விரல் நனைந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நிற்பது பென்ஸ் 240 டி. கார் பைத்தியங்கள் டபிள்யூ 123 என்று சொல்கிற உடம்பு. 1976 முதல் 1986 வரை இந்த உடம்பில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்தார்கள். பென்ஸ் என்றதும் பெரிய இடம் என்று நினைக்க வேண்டாம். நாலு சிலிண்டர், 2.4 லீட்டர், டர்போ கிடையாது. மஹியங்கனை ரோட்டில் பதினெட்டு வளைவு ஏறும்போது பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்தே களைத்துப்போவார். வாப்பாவின் கடை பழைய தெல்தெனியவில் இருந்தது. விக்டோரியா நீர்த்தேக்கம் வந்து பழைய டவுன் தண்ணீருக்குள் போனபோது கடையும் போனது. புது டவுனில் யாவாரம் மறுபடி நிமிர்ந்த பிறகு, செகண்ட் ஹேண்டாக வாங்கிய கார் இது. நாங்கள் சகோதரங்கள் எல்லாரும் இதன் பின் சீட்டில் சண்டை பிடித்து வளர்ந்தவர்கள்.

இனி ஹோஸுக்கு வருவோம். டீசல் எஞ்சினில் பம்பிலிருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஒரு இரும்புக் குழாய் போகும். அதற்குள் இருக்கிற அமுக்கம் சாதாரணமானது இல்லை. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். இந்தப் பழைய இன்ஜெக்டர் வாய் திறக்கவே 100 பாருக்கு மேல் வேண்டும். இன்ஜெக்டருக்குள் ஒரு ஊசி மேலும் கீழும் ஆடும். அந்த ஊசி இறுகாமல் வழுக்க எண்ணெய் வேண்டும், அந்த எண்ணெயும் டீசல்தான். ஊசியின் ஓரத்தால் துளித்துளியாக மேலே தப்பி வருகிற டீசலைத்தான் இந்தச் சின்ன ஹோஸ்கள் சேர்த்து, பில்டர் பக்கமாகத் திருப்பி அனுப்புகின்றன. இதில் அமுக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. சேர்விஸ் பில்லில் இதன் பெயரை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

அமுக்கம் இல்லாவிட்டாலும் சூடு இருக்கிறது. ஹோஸ் உட்கார்ந்திருப்பது எஞ்சின் தலைக்குப் பக்கத்தில். ஒவ்வொரு நாளும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ரப்பர் முதலில் விறைக்கும், பிறகு நுனியில் வெடிக்கும். மேலே துணி பின்னியிருப்பதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. துணி டீசலைக் குடித்துக் கறுப்பாகும், பார்க்கிறவர் அழுக்கு என்று நினைப்பார். வழிகிற டீசல் எஞ்சினின் பக்கத்தால் இறங்கி மவுண்டிங் ரப்பரை ஊற வைக்கும். அது இளகினால் செலவு வேறு. காலையில் காற்று வாங்கி ஸ்டார்ட் ஆக மறுக்கவும் செய்யும். சுபஹ் தொழுதுவிட்டு வந்து, கையால் அடிக்கிற சின்ன பம்பை அடித்து அடித்து எழுப்ப வேண்டி வரும்.

இதெல்லாம் காசுக் கணக்கு. எங்கள் வீட்டில் கணக்கு வேறு.

2018 மார்ச்சை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காக மட்டும்: திகன, தெல்தெனியப் பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகள், வீடுகள், பள்ளிகள், வாகனங்கள் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி நாடு முழுக்க அவசரகால நிலை போட்டார்கள். முந்தின இரவு எதிர்வீட்டு ஐயா வந்தார். சிங்களவர், பென்ஷன் எடுத்த இ.போ.ச. சாரதி. "முதலாளி, காரை இங்கே வைக்க வேண்டாம், எங்கள் ஷெட்டுக்கு எடுப்போம். ஸ்டார்ட் மட்டும் பண்ண வேண்டாம், இந்த எஞ்சின் சத்தம் ஊருக்கே தெரியும்" என்றார். கியரை நியூட்ரலில் போட்டு, லைட் போடாமல், ஆறு பேர் தள்ளினோம். அவருடைய மூத்த மகனும் தள்ளினார். மிளகுக் கொடிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் நிறுத்தி, மேலே படங்கு போட்டு, அதன் மேல் தென்னோலை போட்டார்கள். நாலு இரவு அங்கேதான் நின்றது.

கார் தப்பியது. அதற்குப் பிறகு உம்மாவுக்கு முற்றத்தில் பெற்றோல், டீசல் மணம் வந்தால் தூக்கம் வராது. எழும்பி வந்து ஜன்னலருகே நிற்பார். டீசல் பெற்றோல் மாதிரி சட்டென்று பற்றாது என்பதை உம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். "தெரியும் மகன்" என்பார். மறுநாள் இரவும் எழும்புவார்.

வாப்பா மௌத்தான அடுத்த வருஷம், 2022. அந்த வருஷம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஜூன் கடைசியில் ஒட்டோ டீசல் லீட்டர் 460 ரூபா. பிறகு கியூஆர் வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர். உம்மாவை மாதாமாதம் கண்டிக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். ஷெட்டில் இரவு முழுக்க நின்று வாங்கிய டீசல், ஓடும்போது இன்ஜெக்டர் தலையால் கசிந்து ரோட்டில் விழுகிறது என்றால் வயிறு எரியாதா? எவ்வளவு கசிகிறது என்று அளக்கவும் வழியில்லை. நிறுத்தி வைத்தால் சொட்டு, ஓடினால்தான் ஒழுக்கு.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றிருந்தது. 2022இல் டொலரும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. ஒரு கராஜில் கேட்டோம். "அசல் ஹோஸ் இல்லை, இது போதும்" என்று வெள்ளைப் பிளாஸ்டிக் டியூப் ஒன்றை வெட்டிப் போட்டுவிட்டார்கள். மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற டியூப். இரண்டு கிழமை ஈரமே இல்லை. மூன்றாம் மாதம் அது தேன் நிறத்துக்கு மாறி, கண்ணாடி போல விறைத்து, உம்மா மறுபடி ஜன்னலருகே நிற்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நாடே இப்படித்தான் ஓடியது, அந்தக் கராஜை மட்டும் திட்டிப் பலனில்லை. ஆனால் "இது போதும்" என்ற சொல்லை எங்கள் வீட்டில் இப்போது சிரிப்புக்குத்தான் பாவிக்கிறோம்.

சரியான ஆளைக் காட்டித் தந்தவரும் எதிர்வீட்டு ஐயாதான். தன்னோடு டிப்போவில் வேலை செய்த ஒரு பாஸ். வயது எழுபதைத் தாண்டியவர். பொனட்டைத் திறந்து, பிளாஸ்டிக்கைப் பார்த்து, "மேக ஹரியன்னே நே சேர்" என்றார். இது சரிவராது என்று சொல்லிவிட்டு எங்களையே கேள்வி கேட்டார்: உள் ஓட்டை எத்தனை மில்லிமீட்டர்? நாங்கள் விழித்தோம். 3.2 என்றார். 3 வாங்கினால் ஏறாது, 4 வாங்கினால் நிற்காது. இந்த ஹோஸுக்குக் கிளிப் கிடையாது, இறுக்கத்தில்தான் நிற்கிறது. துணி பின்னல் வெளியே இருக்க வேண்டும், உள்ளே டீசலைத் தாங்குகிற ரப்பர் இருக்க வேண்டும். நாலு இன்ஜெக்டருக்கும் ஒரு மீட்டர் போதும். கடைசி இன்ஜெக்டரின் மறுபக்கக் குழாய்க்கு ஒரு சின்ன ரப்பர் மூடி உண்டு, அதையும் மறக்க வேண்டாம், ஹோஸ் மாற்றிய ஆட்கள் மூடியை விட்டுவிட்டுத்தான் மறுபடி மணக்குது என்று வருவார்கள் என்றார்.

2023இல் பாடசாலை விடுமுறைக்குக் கொழும்பு போனோம். பஞ்சிகாவத்தையில் ஆறாவது கடையில் கிடைத்தது. கடைக்காரர் கேலிப்பர் வைத்து உள்விட்டம் காட்டித் தந்தார், கேட்காமலே. இரண்டு பேர் போய்வந்த பஸ் காசு ஹோஸின் விலையை விடக் கூட.

மாற்றிய விதத்தையும் எழுதிவிடுகிறோம், யாருக்காவது உதவும். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் அந்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடையுங்கள், ஒரு மணல் உள்ளே போனாலும் கேடு. பழைய ஹோஸைக் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டாம். இன்ஜெக்டரின் குட்டிக் குழாய் மெல்லியது, உடைந்தால் ஹோஸ் கதை இன்ஜெக்டர் கதையாகிவிடும். பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழம் உரிக்கிற மாதிரி உரிக்க வேண்டும். புதுத் துண்டுகளைப் பழையதன் நீளத்துக்கே நேராக வெட்டி, வாயில் ஒரு துளி டீசல் தடவி, விரலால் திருகித் திருகி ஏற்ற வேண்டும். மூன்று துண்டு இடையில், ஒன்று பில்டர் பக்கம், கடைசியில் மூடி. பாஸ் ஒன்றைத்தான் போட்டார். மிச்சத்தை எங்களைப் போடச் சொல்லிவிட்டு உம்மாவின் இஞ்சிப் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு நின்றார். அரை மணித்தியாலம்.

ஸ்டார்ட் பண்ணிய பிறகும் ஈரம் வந்தால் அது ஹோஸ் இல்லை, இரும்புக் குழாயின் நட்டாக இருக்கலாம். அங்கே தயவுசெய்து விரல் வைக்க வேண்டாம். 100 பாருக்கு மேல் பீச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரிக் காரியம். ஒரு கார்ட்போர்ட் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

பெற்றோல் இன்ஜெக்ஷன் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்கள் ஹோஸில் 2.5, 3 பார் அமுக்கத்தில் பெற்றோல் நிற்கிறது, கசிந்தால் ஒரு பொறி போதும். கார்பரேட்டர் காருக்கு விற்கிற ஹோஸை அதற்குப் போட வேண்டாம். ஹோஸின் மேலே எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்த பிறகு ஒரு புரோக்கர் இரண்டு தடவை வந்தார். இனி பழைய காரின் விலை இறங்கும், இப்போதே கொடுத்துவிடுங்கள் என்றார். கிரேக்கத்தில் கிரிகோரியோஸ் சச்சினிடிஸ் என்ற டாக்ஸிக்காரர் 1976ஆம் வருஷத்து 240 டி ஒன்றை 46 இலட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004இல் பென்ஸ் மியூசியத்துக்கே கொடுத்த கதையை அவருக்குச் சொன்னோம். அவர் எஞ்சினைப் பல தடவை மாற்றித்தான் ஓட்டினார் என்பதைச் சொல்லவில்லை, யாவாரப் பேச்சில் அதெல்லாம் தேவையில்லை. புரோக்கர் உம்மாவிடம் போனார். உம்மா எதிர்வீட்டைக் காட்டி, "அங்கே கேளுங்கள், தள்ளின ஆட்களுக்கும் பங்கு இருக்கு" என்றார்.

புது ஹோஸ் போட்டு இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. மாதத்துக்கு ஒரு தடவை விரலால் தடவிப் பார்க்கிறோம், இதுவரை உலர்ந்துதான் இருக்கிறது. உம்மா இரவில் எழும்புவது முற்றாக நின்றது என்று சொல்ல முடியாது, குறைந்திருக்கிறது. ஒரு மீட்டரில் வெட்டினது போக ஒரு அடியளவு மிச்சம், இன்னும் ஒரு மூடியும் இருக்கிறது. தெல்தெனிய, திகன, கெங்கல்லைப் பக்கம் யாருக்காவது தேவையென்றால் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். வரும்போது உங்கள் பழைய துண்டையும் கொண்டு வாருங்கள், அளந்து பார்த்துத் தருவோம்.