கோடைப் பயணம் – 3: இருபதும் இருபதும்

பொள்ளாச்சியில் நாத்தனார் வீட்டில் இரண்டு நாள் இளநீரும் தூக்கமுமாகக் கழிந்ததைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கே வால்பாறைக்குக் கிளம்பிவிட்டோம். தூரம் என்னவோ 64 கிலோமீட்டர்தான். ஆனால் ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் 40 கொண்டை ஊசி வளைவுகள். நான்கு வயதுப் பையனையும் எழுபதைத் தொட்ட மாமியாரையும் வைத்துக்கொண்டு அவ்வளவையும் வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு.

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் இட்லி, அதற்கு மேல் கொடுக்கவில்லை. பால் கிடையவே கிடையாது. அத்தையின் மடியில் ஓர் எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும் இருந்தன. வளைவுப் பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளை உள்ள வீட்டில் இந்த ஏற்பாடெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆழியாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கவியருவியில் தண்ணீர் இல்லை, அடைத்திருந்தார்கள். "கவிஞர் குளிச்ச அருவியாம்மா?" என்று பெரியவள் கேட்டாள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கவி என்றால் குரங்கு என்றும் பொருள் உண்டு என்று சொன்னதும் வழி நெடுகக் குரங்குகளை "கவி, கவி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

முதல் வளைவில் பலகையைப் பார்த்ததும் சின்னவன் எண்ண ஆரம்பித்தான். அவனுக்கு இருபது வரைக்கும்தான் எண் தெரியும்.

ஒன்பதாவது வளைவுக்குப் பெயர் லோம்ஸ் காட்சி முனை. இந்த மலைப்பாதையை அமைத்த பொறியாளரின் பெயர் அது. கீழே ஆழியாறு அணை, பாதிக்கு மேல் வற்றி, ஓரமெல்லாம் செம்மண் தெரிந்தது. அங்கே நாட்டுக்குரங்குகள் ஒரு பத்துப் பதினைந்து இருக்கும். முன்னால் நின்ற வண்டியிலிருந்து யாரோ சிப்ஸ் பாக்கெட்டை வீச, ஒரு தாய்க்குரங்கு வயிற்றில் குட்டி தொங்கத் தார்ச்சாலையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. மேலேயிருந்து இறங்கிய பேருந்தின் ஓட்டுநர் ஒரே அழுத்தாகப் பிரேக்கை அழுத்தினார். குட்டி தப்பியது. எனக்குத்தான் உடம்பு நடுங்கிவிட்டது.

பெரியவள் கைக்குழந்தையாக இருந்தபோது இதே வளைவில் நானும் வாழைப்பழம் கொடுத்திருக்கிறேன். புண்ணியம் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். ரோட்டில் தின்னக் கிடைக்கும் என்று ஒரு குரங்கு கற்றுக்கொண்டால் அதன் குட்டியும் கற்றுக்கொள்ளும். கடைசியில் டயருக்கு அடியில் போய் முடியும். அன்று இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. இன்று என் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். பிஸ்கட்டைக் கையில் வைத்திருந்த சின்னவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அதுக்குப் பசிக்குமே" என்றான். காட்டில் அத்திப்பழம் இருக்கிறது, அதன் அம்மா பறித்துக் கொடுப்பாள் என்றேன். யோசித்துவிட்டுப் பிஸ்கட்டைத் தானே தின்றான்.

இன்னும் சில வளைவு மேலே போனதும் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். பாறைச் சரிவில் வரையாடுகள், ஐந்து. ஒன்று தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு. கொம்பில் அடுக்கடுக்காக வளையங்கள். புல்லைக் கடிக்கும் சத்தம் காருக்குள் கேட்டது. நம் மாநில விலங்கு இது. 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031தான் இருந்தன. எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு அதைவிட அதிகம் பேர் வருவார்கள். பிள்ளைகள் இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அவர்கள் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

இருபது வந்தது. சின்னவன் அப்பாவின் முதுகைத் தட்டி, "முடிஞ்சிருச்சு" என்றான். அடுத்த வளைவில் மறுபடி "ஒண்ணு" என்று தொடங்கினான். அவனுடைய இரண்டாவது "மூணு"-இல் வாந்தி வந்துவிட்டது.

வண்டியை நிறுத்தி, முகம் கழுவி, சட்டை மாற்றிக் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப் போனோம். வழியில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா கேட்காமலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் கொண்டுவந்தார். "மெதுவா ஒரு மடக்கு குடிங்க சாமி. முன்னாடி சீட்டுல உக்கார வச்சுத் தூரமாப் பாக்கச் சொல்லுங்க, சரியாப் போயிருமுங்க." காசு வாங்கவில்லை. அத்தை முன்சீட்டை விட்டுக் கொடுத்துப் பின்னால் வந்தார். என் மடியில் உட்கார்ந்து எதிர்மலையைப் பார்த்துக்கொண்டே வந்த பையன் அதன் பிறகு வாந்தி எடுக்கவில்லை.

வாட்டர்பால் தாண்டியதும் தேயிலை. "யாரும்மா கோடு போட்டது?" என்று பெரியவள் கேட்டாள். செடிகளுக்கு நடுவே ஆட்கள் நடக்கும் தடம்தான் அந்தக் கோடு. இந்த மலையில் தோட்டம் போடக் கீழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆசை காட்டி அழைத்துவந்த சனம் குளிரிலும் காய்ச்சலிலும் கொத்துக் கொத்தாய்ச் செத்தது. இங்கே மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் அதை நாவலாக எழுதினார். தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்தது. எட்டு வயதுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னேன். கொழுந்துக் கூடையோடு நின்றிருந்த ஓர் அக்காவுக்கு அவள் கையசைத்தாள். அந்த அக்காவும் அசைத்தார்.

ரொட்டிக்கடை என்ற ஊர்ப்பலகையைப் பார்த்து ரொட்டி கேட்டார்கள், வாங்கிக் கொடுத்தேன்.

வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே மிஞ்சிய துண்டுக் காடு. அதில் சிங்கவால் குரங்குகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் காட்டில் வாழாத இனம். கறுத்த முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மரத்துக்கு மரம் தாவியே வாழ்கிற பிராணி, நடுவில் ரோடு வந்ததால் தரை இறங்க வேண்டியதாயிற்று. அதற்காக ரோட்டுக்கு மேலே இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் ஏணி போலப் பின்னிய பாலம் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் நிறுத்திப் பார்த்தபோது ஒரு பெண்குரங்கு அதில் ஏறி, நடுவில் நின்று, கீழே எங்களைப் பார்த்துவிட்டு அக்கரை போயிற்று. "அவங்களுக்கும் பாலம் இருக்கா!" என்று பெரியவள் கத்தினாள். கட்டியவர்கள் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கூழாங்கல் ஆற்றுக்குப் போனோம். மே மாதத் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான். இருந்தாலும் மழை பெய்தால் இந்த ஆறுகளை நம்ப முடியாது என்பதால் ஆளுக்கொரு பிள்ளையின் கையை விடவில்லை. பார்க்க நினைத்திருந்த இன்னும் இரண்டு இடங்களை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். அத்தையும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

இரவு தங்கிய வீட்டின் எதிர்ச் சரிவில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பக்கத்தில் யானை நிற்கிறது என்பதற்கான அடையாளம் என்றார் வீட்டுக்காரப் பெரியவர். எம்.ஆனந்தகுமார் என்ற யானை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு இது. செல்பேசிக்கும் செய்தி வரும். இதற்காக அவருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. "முன்னயெல்லாம் எதிர்ல வந்தப்புறந்தானுங்க தெரியும். இப்பத் தெரிஞ்சு ஒதுங்கிக்கறோம்" என்றார் பெரியவர்.

படுப்பதற்கு முன் திண்டுக்கல்லில் இருக்கும் என் அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "தாத்தா, இன்னிக்கு ரெண்டு மலை ஏறினோம். ஒவ்வொண்ணுலயும் இருபது வளைவு" என்றான் சின்னவன். பெரியவள் திருத்த வாயெடுத்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து அமர்த்தினார்.

ஜன்னலுக்கு வெளியே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. காலையில் சோலையாறு.

(தொடரும்)