பழைய டிஷ் வொஷர் வாங்கலாமா?



வெளிநாட்டில் பாவித்த டிஷ் வொஷர் நாலைந்து டவுனில் ஒரு கடைக்கு வந்து இறங்கியதிலிருந்து எங்களிடம் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "உங்கட வீட்டில ஒண்டு இரிக்குதானே டீச்சர், வாங்கலாமா?" பள்ளிக்கூட வாசலில், கல்யாண வீட்டில், இன்பொக்ஸில். தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறோம். நோன்புக்கு முன்னர் வாங்கிவிட வேண்டும் என்று துடிப்பவர்கள் பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடாமல் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் மெஷின் இங்கிலாந்திலிருந்து வந்தது. ராத்தா தன் வீட்டுக் குசினியை மாற்றியபோது, கப்பலில் அனுப்பிய சாமான்களோடு இதையும் ஏற்றிவிட்டார். 1990களில் அங்கே மலிவு விலைக்கு விற்ற சாதாரண மொடல். திரை கிடையாது. பட்டன் மூன்று, திருகுகிற குமிழ் ஒன்று, அவ்வளவுதான். ஏழு வருடமாக ஓடுகிறது.

அதை வீட்டுக்குள் எடுத்ததற்குக் காரணம் உம்மாவின் கைகள். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்து, தேசிக்காய்ச் சாறு பட்டால் துடித்துப்போவார். தோல் டொக்டர் கிறீம் எழுதிக் கொடுத்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரில் கை வைப்பதை நிறுத்தினால்தான் மருந்து பிடிக்கும் என்றார். கையுறை போட்டுப் பார்த்தோம், உள்ளே வியர்த்து இன்னும் மோசமானது. "நீங்க விடுங்க உம்மா" என்றால் விடுகிற ஆளுமில்லை. ஒன்பது பேர் உள்ள வீடு. நோன்பு மாதத்தில் இஃப்தார் பீங்கான் ஒரு குவியல், இராச்சாப்பாடு ஒரு குவியல், சஹருக்கு இன்னொரு குவியல். தராவீஹ் முடிந்து ஆண்கள் வீடு திரும்பும்போதும் பெண்கள் கழுவுகிற இடத்தில்தான் நிற்பார்கள். இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

இந்த மெஷினை ஏதோ சோம்பேறிகளின் சாமான் போலப் பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. இதற்கு 1886இல் அமெரிக்காவில் பேட்டன்ட் எடுத்தவர் ஜோசஃபின் கொக்ரேன் என்ற பெண். வேலையாட்கள் கழுவும்போது அவருடைய பரம்பரைப் பீங்கான்கள் உடைந்து போயின. கணவர் கடனோடு மௌத்தாகிய பிறகு, இந்த மெஷினைச் செய்து விற்றே பிழைத்தார். முதலில் வாங்கியவை ஹோட்டல்கள்தான். அந்தக் காலத்து வீடுகளில் அதற்குத் தேவையான அளவு சுடுதண்ணீர் இல்லை.

சரி, எங்கள் மெஷினுக்கு வருவோம். அடியில் கொஞ்சம் தண்ணீர் எடுக்கும், ஹீட்டர் அதைச் சூடாக்கும், பம்பு அந்தத் தண்ணீரைச் சுழலும் இரண்டு கைகளின் துளைகள் வழியாகப் பீச்சி அடிக்கும். அதே தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் திரும்ப அடித்துவிட்டு வெளியே தள்ளும், பிறகு புதுத் தண்ணீர் எடுக்கும். இப்படி ஐந்து தடவை. வெளியே வரும் குழாயை வாளியில் விட்டு அளந்தோம்: 24 லீட்டர். எங்கள் பைப் நிமிடத்துக்கு 6 லீட்டர் ஊற்றுகிறது. அதைத் திறந்துவிட்டு 20 நிமிடம் கழுவினால் 120 லீட்டர். ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். மூமா காலத்தில் போல இரண்டு பேசினில் தண்ணீர் வைத்து, ஒன்றில் தேய்த்து மற்றதில் அலசினால் 30 லீட்டருக்குள் முடியும். பேசின் பழக்கம் உள்ள வீட்டில் தண்ணீர் மிச்சம் என்று சொல்லி மெஷின் வாங்க வேண்டாம். இப்போது வரும் புது மெஷின்களுக்கு 10 லீட்டரளவு போதும். ஆனால் அவற்றின் சிக்கன ப்ரோகிராம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கும். எங்கள் கிழவி ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடித்துவிடும்.

கரண்ட்தான் இதன் பெரிய குறை. ஹீட்டர் கிட்டத்தட்ட 2000 வொட். மீட்டரைப் பார்த்து எழுதினோம், சூடான ப்ரோகிராம் ஒன்றுக்கு ஒன்றரை யுனிட். தினமும் போட்டால் மாதம் 45 யுனிட். நம் பில் படிப்படியாக ஏறுகிற பில், 45 யுனிட் ஏறினால் அடுத்த படிக்குப் போய் மொத்தமும் கூடிவிடும். அதனால் சாதாரண மாதங்களில் ஒன்றுவிட்டு ஒருநாள்தான் போடுகிறோம், அதுவும் நிரம்பிய பிறகு. நோன்பில் மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

கரண்ட் விஷயத்தில் பழசுக்கு ஒரு பெருமையும் உண்டு. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். குமிழ் வைத்த மெஷின் கரண்ட் போனால் அந்த இடத்திலேயே நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். உள்ளே இருப்பது பல்சக்கர டைமர், அதற்கு நினைவாற்றல் தேவையில்லை. அதே காலத்தில் தெரிந்த ஒரு வீட்டில் போர்ட் வைத்த பளபளப்பான மெஷின் ஒன்று, கரண்ட் வந்து போன குழப்பத்தில் போர்ட் எரிந்து செத்துப்போனது. அந்தப் போர்ட்டின் விலைக்கு இன்னொரு பழைய மெஷினே வாங்கலாம் என்றார்கள்.

இனி உப்பு. இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். புத்தளத்துத் தண்ணீர் எப்படி என்று கேத்தலின் அடியைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து நிறுத்த மெஷினுக்குள் ஒரு பகுதி இருக்கிறது, அதற்கு இடைக்கிடை உப்புப் போட வேண்டும். உப்பளத்தைச் சுற்றி வாழ்கிற நாங்கள் அந்த உப்பைக் கொழும்பு சுப்பர் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறோம்! உப்பளத்து உப்பில் மண், கல்சியம், மக்னீசியம் எல்லாம் கலந்திருக்கும், கறி உப்பில் வேறு கலவைகள் இருக்கும். இரண்டையும் போட்டால் அந்தப் பகுதி அடைத்துவிடும். சுத்தமான கட்டி உப்புத்தான் போட வேண்டும். உப்புப் போடாமல் ஓட்டினால் கிளாஸ் எல்லாம் பனி படிந்ததுபோல வெளுத்து வரும், ஹீட்டரிலும் சுண்ணாம்பு ஏறும். பவுடரும் தனிப் பவுடர். கையால் கழுவுகிற லிக்விட்டை ஊற்றினால் நுரை பொங்கிக் குசினி நிறையும். உப்பும் பவுடரும் சேர்ந்து மாதச் செலவில் ஒரு கணக்காகவே வரும்.

எதெல்லாம் உள்ளே போகாது? எங்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களில் பாதி. இந்தத் தட்டிகள் வெள்ளைக்காரர்களின் தட்டைப் பீங்கானுக்குச் செய்தவை. சஹன் கதவுக்குள்ளேயே நுழையாது. அலுமினியச் சட்டி போனால் கறுத்துத் திரும்பி வரும், அந்தப் பவுடரின் காரம் அப்படி. மண்சட்டி, அகப்பை, பிரம்பு இடியப்பத் தட்டு கூடவே கூடாது. பிளாஸ்டிக்கில் மஞ்சள் கறை போகாது. போகக்கூடியது பீங்கான், கிளாஸ், கரண்டி, கஞ்சிக் கோப்பை, வட்டிலப்பக் கிண்ணம். எண்ணிப் பார்த்தால் கைக்கு அலுப்புத் தருவது இந்தச் சின்னச் சாமான்கள்தான். கஞ்சிக் கோப்பையைக் காயவிட்டால் மெஷினாலும் முடியாது, உடனே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பழைய மலிவு மொடலில் வடிகட்டி தானாகச் சுத்தமாகாது. ஒவ்வொரு தடவையும் கழற்றிச் சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது மகன்மாரின் வேலை. முணுமுணுத்துக்கொண்டு செய்கிறார்கள், செய்கிறார்கள்.

ரிப்பெயார் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: வொஷிங் மெஷின் தெரிந்த பாஸுக்கு இதுவும் விளங்கும். தண்ணீர் எடுக்கும் வால்வும் வெளியே தள்ளும் பம்பும் கிட்டத்தட்ட ஒரே சாதிதான். எங்கள் பம்பு போனபோது வொஷிங் மெஷின் பம்பு ஒன்றைப் பொருத்தித்தான் ஓடுகிறது. தட்டிக் கம்பியின் பிளாஸ்டிக் உரிந்து துரு பிடித்த இடங்களில் மீன்தொட்டிக்குப் பாவிக்கிற மெல்லிய குழாயை வெட்டிச் செருகியிருக்கிறோம். கிடைக்காத ஒரே சாமான் கதவு ரப்பர். கடையில் பார்க்கும்போது முதலில் அதைத்தான் விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். எர்த் சரியாக உள்ள தனி பிளக்கும் ட்ரிப் சுவிட்சும் இல்லாத வீட்டில் இதைப் பொருத்தவே கூடாது. தண்ணீரும் 2000 வொட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது, விளையாட்டில்லை.

எங்களுக்கு உதவிக்கு வருகிற மாமியை நிறுத்திவிட்டோமா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. சட்டி பானைகளும் சஹனும் அவரிடம்தான், கூலியும் அதேதான். மெஷினில் அவருக்கு நம்பிக்கையில்லை. வந்த புதிதில் அது கழுவிய பீங்கானை எடுத்துப் பைப்பில் இன்னொரு தடவை அலசிவிட்டு, "மெஷினுக்குக் கண்ணா இரிக்கி டீச்சர்?" என்பார். இப்போது அலசுவதில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதோடு சரி. பாக் ஆகுமா என்று கேட்டவர்கள் மௌலவிமாரிடம் கேளுங்கள். கடைசி மூன்று தடவையும் புதுத் தண்ணீரால் அலசித் தள்ளுகிறது என்பதை மட்டும் எங்களால் சொல்ல முடியும்.

உம்மாவின் கை முழுதாக மாறவில்லை. குளிர் காலத்தில் திரும்ப வெடிக்கும். ஆனால் போன நோன்பில் 30 நாளும் தராவீஹுக்கு நின்றார், அல்ஹம்துலில்லாஹ்.

நாலு பேர் உள்ள வீடென்றால் வாங்காதீர்கள், நிரம்பவே இரண்டு நாளாகும், அதற்குள் நாறும். பெரிய குடும்பம், கைவருத்தக்காரர் உள்ள வீடு, குமிழ் வைத்த மொடல், ரப்பர் நல்லது என்றால் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கடையில் தண்ணீர் பைப்பில் பூட்டி, தண்ணீர் சூடாகிறதா என்று பார்க்கும்வரை காசு கொடுக்க வேண்டாம். எங்கள் மெஷினைப் பார்க்க விரும்புகிறவர்கள் இஷாவுக்குப் பிறகு வாருங்கள், அப்போதுதான் போடுவோம். வெள்ளிக்கிழமை வர வேண்டாம், அன்று அதற்கு லீவு.