குழாய்க்குள் புகுந்த ஈரம்

பழுதான எஞ்சினை மாற்றிவிட்டால் காரின் துன்பம் தீர்ந்தது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், ஏ.சி.யின் கம்ப்ரஸர் எஞ்சினோடு பிணைந்தது. பெல்ட் வழியாக எஞ்சினின் சுழற்சியிலேயே இயங்குவது. எஞ்சினை இறக்கும் வேளையில் குளிர்வாயுக் குழாய்களையும் பெரும்பாலும் கழற்ற நேரிடும்.

எங்கள் காரிலும் அப்படியே கழற்றினார்கள். டயாலிசிஸ் சிகிச்சைக்காக அம்மாவைத் திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சைக்கு அழைத்துச் செல்வது எங்கள் வழக்கம். புறப்படுகையில் குளிர்காற்று வரும். மன்னார்குடியை எட்டுமுன் நின்றுவிடும். சித்திரை வெயிலில் அம்மா துவண்டுபோவார். வண்டியை ஓரமாகச் சற்று நிறுத்தி வைத்தால் மீண்டும் குளிரும். எல்லாரும் புதிய எஞ்சினையே பழித்தனர்.

எஞ்சின் பாவம், குற்றமற்றது. திறந்து கிடந்த குழாய்க்குள் நம் கடலோரத்து ஈரக்காற்று புகுந்திருந்தது. அந்த ஈரம் விரிவு வால்வின் நுண்துளையில் பனிக்கட்டியாய் உறைந்து வழியடைத்தது, நிறுத்தினால் உருகியது. பயிருக்கு உயிரூட்டும் ஈரமே அங்கே பகையாயிற்று.

வேறொரு மெக்கானிக் ஈரமுறிஞ்சும் டிரையரையும் ரப்பர் வளையங்களையும் மாற்றினார். வாக்குவம் பம்ப்பை நெடுநேரம் ஓட்டினார். அழுத்தம் குறையக் குறைய உள்ளிருந்த நீர் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி வெளியேறியது. பிறகு, ஆர்-134ஏ வாயுவைக் குறித்த எடைக்கு நிறுத்து நிரப்பினார்.

அடுத்த பயணத்தில் அம்மா தஞ்சை வரை கண்ணயர்ந்து வந்தார். பெரியதொன்றை மாற்றும்போது, அதைப் பற்றிக்கொண்டிருந்த சிறியவற்றையும் பேணுவதே முழுமையான பணி என்று உணர்ந்தோம்.