ஒரு பெட்டி, சில வெள்ளைப் புள்ளிகள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறும்போது பையில் இரண்டு புத்தகங்களும் முடிக்காத ஒரு அசைன்மென்ட்டும் இருந்தன. திங்கட்கிழமை விடிய கம்பஸுக்குத் திரும்பும்போதும் அசைன்மென்ட் அப்படியேதான் இருந்தது. இடையில் இரண்டு நாள் நான் கேம் விளையாடினேன். வெட்கப்படாமல் சொல்லுகிறேன்.

உண்மையில் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அது தம்பியின் உலகம். அவன் உயர்தரம், கணிதப் பிரிவு. மேசையில் ஒரு பழைய லப்டொப் வைத்திருக்கிறான். மாமாவின் மகன் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது. புதுக் கேம் எதுவும் அதில் ஓடாது. ஒழுங்காக ஓடுபவை இரண்டு. ஒன்று போர்ட்டல், மற்றது கோல் ஒஃப் டியூட்டி 4: மொடர்ன் வோர்ஃபெயார். இரண்டுமே 2007 இல் வந்தவை. தம்பி 2008 இல் பிறந்தவன். "ரெண்டும் எனக்கு மூத்ததுகள் அக்கா, மரியாதையா விளையாடு" என்றான்.

சனிக்கிழமை போர்ட்டல். விளையாடாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் நீங்கள் ஒரு சோதனை எலி மாதிரி. கையில் ஒரு துவக்கு, ஆனால் அது ஆளைச் சுடாது. சுவரில் சுட்டால் வாசல் திறக்கும். நீல வாசலுக்குள் போனால் செம்மஞ்சள் வாசலால் வருவீர்கள். அவ்வளவுதான் விதி. அறை அறையாக அதை வைத்துக்கொண்டு வெளியே போகிற வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். கிளாடோஸ் என்ற ஒரு கணினி மேலேயிருந்து கதைத்துக்கொண்டே இருக்கும். நக்கல் பிடித்த குரல். இதன் முதல் வடிவம், டிஜிபென் என்ற இடத்தில் படித்த மாணவர்கள் சிலர் செய்த ஒரு புரொஜெக்ட். அதைப் பார்த்துத்தான் வால்வ் நிறுவனம் அவர்களை வேலைக்கு எடுத்தது. எங்கட புரொஜெக்டுகள் எங்கே போகின்றன என்பதை இந்த இடத்தில் நான் கதைக்க விரும்பவில்லை.

முதல் சில அறைகள் லேசு. பிறகு ஒரு அறையில் பெரிய பள்ளம். பாய்ந்தால் எட்டாது. அரை மணித்தியாலம் சுவரெல்லாம் சுட்டுப் பார்த்தேன். தம்பி பின்னால் கட்டிலில் படுத்திருந்து சிரித்தான்.

"அக்கா, வாசலைப் பாக்காத. எங்க போய் நிக்கோணும் எண்டு முதல் பார். பேந்து அங்கயிருந்து பின்னுக்கு வா."

அப்போதுதான் பிடிபட்டது. கீழே நிலத்தில் ஒரு வாசல், சுவரில் உயரத்தில் மற்றது. மேலேயிருந்து நிலத்து வாசலுக்குள் குதித்தால், விழுந்த வேகம் குறையாமல் சுவரிலிருந்து பறந்து வருவோம். பள்ளம் காலுக்குக் கீழே போகும். நான் உண்மையாகவே கத்திவிட்டேன். உந்தம் காக்கப்படுகிறது என்று கிளாடோஸ் விளக்கம் வேறு சொன்னது. தம்பி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "உந்தத்துக்குத் திசையும் இருக்கு. இஞ்ச திசை மாறுது. வேகத்தின்ர அளவு மட்டும்தான் மாறேல்லை. ஸ்கீமில உப்பிடி எழுதினால் மாக்ஸ் இல்லை." ஓஎல்லோடு விஞ்ஞானத்தைக் கைவிட்ட எனக்கு அது முழுக்க விளங்கவில்லை. ஆனால் பறந்தது விளங்கியது.

இரவு பதினொரு மணிபோல 17 ஆவது அறை. அங்கே ஒரு பெட்டி தருகிறார்கள். முந்தைய அறைகளில் வந்த அதே பாரப் பெட்டிதான், ஆனால் இதன் பக்கங்களில் இதயம் வரைந்திருக்கும். இது உன் துணை, இதைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்கிறார்கள். பெட்டி கதைக்காது என்றும் அந்தக் குரலே சொல்கிறது. அறை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மேலே ஏற அதில்தான் ஏறினேன், பந்து மாதிரிப் பாய்ந்து வரும் சக்தி உருண்டைகளை அதை வைத்துத்தான் மறித்தேன். கடைசியில் சொல்கிறார்கள்: இதை எரியூட்டிக்குள் போடு, இல்லாவிட்டால் கதவு திறக்காது.

நான் போடவில்லை. சேவ் பண்ணிவிட்டுப் படுத்துவிட்டேன். தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அது பெட்டி அக்கா, பெட்டி."

ஞாயிற்றுக்கிழமை அவன் மற்றதைப் போட்டான். எனக்குத் துவக்குக் கேம்களைப் பற்றி ஏற்கனவே ஒரு கருத்து இருந்தது. விளையாடியபோது அது கொஞ்சம் ஆடிப்போனதையும் எழுத வேண்டும். ஆரம்பத்தில் ஒரு ஜனாதிபதியாக உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். தலையைத் திருப்பிப் பார்க்க மட்டும்தான் உங்களால் முடியும். வீதியில் ஓடுகிறவர்கள், சுவரோடு நிறுத்தப்பட்டவர்கள் எல்லாம் யன்னலுக்கு வெளியே போவார்கள். இன்னொரு இடத்தில் அணுகுண்டு வெடித்த பிறகு, இவ்வளவு நேரமும் நீங்கள் ஓட்டித்திரிந்த படைவீரன் தவழ்ந்து தவழ்ந்து சாகிறான். இதைச் செய்தவர்கள் யோசிக்காத ஆட்கள் இல்லை. ஆனால் அந்த ஜனாதிபதியின் நாட்டுக்கு ஒரு பெயர் வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. மத்திய கிழக்கில் ஏதோ ஒரு நாடு, அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தம்பிக்கு மிகவும் பிடித்த கட்டம் என்று ஒன்றை என் கையில் தந்தான். இதில் நீங்கள் நிலத்தில் இல்லை. ஏசி-130 என்ற விமானத்துக்குள் இருக்கிறீர்கள். திரை கறுப்பு வெள்ளை. உடல் சூட்டைக் காட்டும் கமரா, அதனால் மனிதர்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவார்கள். உங்களிடம் 25, 40, 105 மில்லிமீற்றர் என்று மூன்று பீரங்கி. 105 விழுந்தால் சத்தம் பெரிதாக இல்லை. திரையில் ஒரு வெள்ளைப் பூ விரிந்து அடங்கும், புள்ளிகள் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. விமானத்தில் இருப்பவர்கள் அலுவலகத்தில் கதைக்கிற மாதிரிக் கதைப்பார்கள். நல்ல அடி என்பார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. இதை எழுதாமல் விட்டால் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும். ஓடுகிற புள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் குறி வைக்கவேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் பழகிவிட்டேன். அதுவும் ஒரு புதிர்தானே. எங்கே போய் நிற்பான் என்று முதலில் பார், பிறகு அங்கேயிருந்து பின்னுக்கு வா.

ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாததால் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தோம். அம்மா தேத்தண்ணியோடு வந்து கதவடியில் நின்றதை நாங்கள் காணவில்லை.

"உது என்ன சத்தம்?"

"பிளேன் அம்மா. கேம்தான்" என்றான் தம்பி.

அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"ஆர் உவை, ஓடுறவை?"

"எதிரி."

"மேலயிருந்து பாக்கேக்க எப்பிடித் தெரியும்?"

தம்பி உற்சாகமாக விளக்கினான். "இதில லைட் மினுங்குதெல்லே, அது எங்கட ஆக்கள். மினுங்காததெல்லாம் எதிரி. அந்தா தெரியிற சேர்ச்சுக்கு மட்டும் அடிக்கக்கூடாது. அடிச்சால் தோல்வி."

"கோயிலுக்கு அடிக்கக்கூடாதோ" என்று அம்மா மெல்லக் கேட்டா. அது கேள்வி இல்லை. கொஞ்சம் பொறுத்துச் சொன்னா: "எங்களிட்ட மினுங்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லைப் பிள்ளை."

கோபமாகச் சொல்லவில்லை. உடுப்புக் காயுதா என்று பார்க்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டா.

2009 இல் எனக்கு ஆறு வயது. விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வரிசையாகச் சொல்லத் தெரியும், ஆனால் அது பெரியவர்கள் சொல்லக் கேட்டுப் படித்த வரிசை. எனக்கென்று இருப்பது சில துண்டுகள்தான். அதில் ஒன்று வண்டு. ஆளில்லாமல் பறக்கும் வேவு விமானத்தை எல்லாரும் வண்டு என்றுதான் சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் நாள் முழுக்க. "வண்டு நிக்குது" என்றால் அம்மா அடுப்பை அணைப்பா. அரை அவியல் சோறு. மடியில் தம்பி, ஒரு வயதுகூட ஆகவில்லை. அவனுக்கு இது ஒன்றும் ஞாபகம் இல்லை. செட்டிகுளம் முகாம்கூட இல்லை.

வண்டு எங்களை எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நாங்கள் மேலே பார்த்ததுதான் எனக்குத் தெரியும். அந்தத் திரையில், அடுப்பும் ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்திருக்கும். அம்மாவும்.

துவக்குக் கேம் விளையாடுகிற பெடியள் எல்லாம் கெட்டுப்போவார்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்கட வீட்டு நாய்க்கு மோட்டர்சைக்கிள் அடித்தபோது சாப்பிடாமல் கிடந்தவன் தம்பி. அவனோடு எனக்குக் கோபமும் இல்லை. அவன்தான் கேமை நிற்பாட்டினான், நானில்லை. என்னுடைய கை இன்னும் மௌஸில்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு, "அம்மாவுக்கு உது ஞாபகம் வரும் எண்டு நான் நினைக்கேல்லை" என்றான். பிறகு, "நான் எங்க இருந்தனான் அப்ப?" என்று கேட்டான். சொன்னேன். இதற்கு முன் அவன் அதைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நாங்களும் சொன்னதில்லை. தேத்தண்ணி ஆறும்வரை கதைத்தோம்.

இரவு போர்ட்டலைத் திரும்பத் திறந்தேன். அம்மா பக்கத்தில் கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. பெட்டி நான் விட்ட இடத்திலேயே இருந்தது. கதையைச் சொன்னேன்.

"எரிக்காமல் போகேலாதோ?"

"ஏலாதம்மா. கதவு திறக்காது."

"அப்ப போடன். விடிய பஸ் இருக்கெல்லே."

போட்டேன். உன் துணையை இதுவரை வந்த எல்லாரையும்விடக் கெதியாகக் கொன்றவள் நீதான் என்று கிளாடோஸ் என்னைப் பாராட்டியது. எல்லாருக்கும் அதையேதான் சொல்லுமாம், தம்பி சொன்னான். கதவு திறந்தது.