ஐம்பது வயதுக்குக் காத்திருக்கும் கார்

கான்டெஸாவை ‘இந்தியாவின் மஸில் கார்’ என்று சொன்னால் அமெரிக்கக்காரர்கள் சிரிப்பார்கள். அதில் நியாயமும் உண்டு. 1964-ல் வந்த பொண்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்துதான் மஸில் கார் கதையைப் பலரும் தொடங்குகிறார்கள். நடுத்தர அளவு உடம்புக்குள் 6.4 லிட்டர் வி-8 இன்ஜின், 325 குதிரைசக்தி. 1970-ன் செவர்லே செவெல் எஸ்.எஸ். 454, மேல்நிலை இன்ஜினோடு 450 குதிரைசக்தியைத் தொட்டது. 1984-ல் உத்தர்பாராவிலிருந்து வந்த முதல் கான்டெஸாவுக்குள் இருந்ததோ அம்பாசிடரின் அதே 1489 சி.சி. இன்ஜின். சுமார் 50 குதிரைசக்தி. ஒன்பது கான்டெஸாவைச் சேர்த்துக் கட்டினால் ஒரு செவெல்.

ஆனால் ஆட்கள் சும்மா அப்படிச் சொல்லவில்லை. நீண்ட பானெட், அகலமான மூக்கு, பின்சக்கரத்தைத் தள்ளும் இன்ஜின், இடுப்பு வளைந்த பக்கவாட்டுக் கோடு, எல்லாம் அமெரிக்காவின் சாயல். அந்தச் சாயல் இங்கிலாந்து வழியாக இங்கே வந்தது. கான்டெஸாவின் உடல் எழுபதுகளின் வாக்ஸால் விக்டருடையது. அதன் கடைசி வடிவமான வி.எக்ஸ். வரிசை 1978-ல் நின்றபின் அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கியது. வாக்ஸாலோ 1925 முதல் 2017 வரை ஜெனரல் மோட்டார்ஸின் கையில் இருந்தது. பிறகு கான்டெஸாவுக்கு 1.8 லிட்டர் இன்ஜின் கொடுத்த இசுஸுவிலும் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 1971 முதல் 2006 வரை பங்கு இருந்தது. ஆக, முகமும் இதயமும் ஒரே குடும்பத்துச் சொத்து. பெண் கொடுத்த வழி, எடுத்த வழி என்று நம்ம ஊரில் உறவு பிடிப்பார்களே, அந்த மாதிரி.

எங்கள் மாமாவுக்கு இதெல்லாம் தெரியாது. பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறி வைத்திருந்தார். 1993 மாடல் கான்டெஸா கிளாசிக்கை 1999-ல் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிப் பள்ளிப்பட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று என் அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறது. “நூல் கடைக்கு மாருதியில போனா கடனுக்கு வந்திருக்கான்னு நெனக்கிறாங்க. இதுல போனா உக்காருங்கன்றாங்க.”

அந்தக் காலத்தில் கான்டெஸாவுக்கு அந்த மரியாதை இருந்தது. அமைச்சர்களும் ஆலை அதிபர்களும் போன வண்டி. சினிமாவில் வில்லன் வந்து இறங்குவதும் அதில்தான். ஆனால் மாமா வாங்கியபோதே அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருஷம், 1998-ல், அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் எங்கள் மாவட்டத்திலேயே, திருவள்ளூர் பக்கத்து அதிகத்தூரில், மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பித்திருந்தது. 2002-ல் கான்டெஸா நின்றது. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கேட்கிற ஊரில் எட்டு, ஒன்பது கொடுக்கிற வண்டி எத்தனை நாள் நிற்கும்?

அமெரிக்காவிலும் மஸில் கார்கள் இப்படித்தான் ஓய்ந்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-ல் எண்ணெய் நெருக்கடி. அதற்குப் பிறகுதான் அவற்றின் மீது காதல் கூடியது. இளம் வயதில் வாங்க முடியாதவர்கள் ஐம்பது வயதில் தேடிப்போய் வாங்கினார்கள். துருப்பிடித்துக் கொட்டகையில் கிடந்ததெல்லாம் ஏலத்துக்கு வந்தது. அங்கே ஒரு பழைய மஸ்டாங்குக்குப் பம்பர் முதல் கதவுக் கைப்பிடி வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள். இங்கே கான்டெஸாவுக்கு ஒரு வைப்பர் மோட்டார் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். போன மாதம் அப்படித்தான் அலைந்தேன். ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டு, “சார், வண்டியவே குடுத்துடுங்க, மத்தவங்களுக்கு ஸ்பேர் ஆவும்” என்றார்.

மாமா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. வண்டி என் பொறுப்பு. இப்போது மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, எடைக்குப் போடுவது. இரண்டாவது, சென்னையில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். இளைஞர், ஆர்வமுள்ளவர். இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பெரிய ஜப்பான் இன்ஜின் போட்டு, சக்கரத்தை அகலமாக்கி, கறுப்பு அடித்து, கான்டெஸாவை உண்மையான மஸில் காராக ஆக்கப்போகிறார். அவர் ஆசையில் குற்றம் சொல்ல முடியாது. அந்த முகத்துக்குக் கிடைக்காமல் போன பலத்தைக் கொடுக்க நினைக்கிறார்.

மூன்றாவது, நானே வைத்துக்கொள்வது. இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டியைப் பழம்பெருமை வாகனமாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், அன்றாடத்துக்கு ஓட்டக் கூடாது. மாமாவின் வண்டிக்கு ஐம்பது ஆவது 2043-ல். அதுவரை அது வெறும் பழைய வண்டி. பழைய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் 600 ரூபாய், 2022-ல் 5,000, 2025 முதல், இருபது வயது தாண்டிய காருக்கு 10,000. நாற்பத்தொன்பது வயது வரை குப்பை, ஐம்பதில் பொக்கிஷம். குப்பையாக இருக்கும் காலத்தில் காப்பாற்ற ஆள் இல்லையென்றால் பொக்கிஷம் எங்கிருந்து வரும்?

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்கில் வருவதில் 20 சதவீதம் எத்தனால். பழைய கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் குழாய்க்கும் வாஷருக்கும் அது ஆகாது. எங்கள் வட்டத்தில் கரும்பு போடுகிற சொந்தக்காரர்களுக்கு எத்தனால் நல்ல செய்தி. அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு இந்த வண்டியில் போய் நின்றுகொண்டு அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குழாயை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

அத்தையிடம் கேட்டேன். முடிவு அவங்களுடையதுதானே. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாங்க: “மாமா போனதிலிருந்து வர்றவங்க எல்லாம் மொதல்ல அதோட வெலயத்தான் கேக்குறாங்க. நான் எப்படி இருக்கேன்னு அப்புறந்தான். வித்துட்டா யாராச்சும் வருவாங்களா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று விளங்கியது. 88 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு இந்த வண்டி எந்தப் பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. தறிக்காரர் ஒருத்தரை நூல் கடையில் உட்கார வைத்தது. இப்போது தனியாக இருக்கும் ஒரு அம்மாவின் வாசலுக்கு நாலு பேரை வரவழைக்கிறது. பெரிய இன்ஜினைப் போட்டால் வேகம் வரும். இந்த வேலையைச் செய்யுமா என்று தெரியவில்லை.

சென்னை இளைஞரிடம் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. வைப்பர் மோட்டார் தன்னிடம் ஒன்று கூடுதலாக இருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவருவதாகவும் சொன்னார். அத்தை அவருக்கும் சேர்த்துச் சமைக்கப் போறாங்களாம். அடுத்த புதுப்பிப்பு 2028-ல். பணத்தை இப்போதே தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்திருக்கிறேன்.