வெற்றிக்கு இட்டுச் செல்லும் பழக்கங்கள் - ஒரு பைண்டிங் கடைப் பையனின் கதை

வெற்றி என்ற சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது என்ன? கோப்பை, மாலை, கைதட்டல், செய்தித்தாளில் புகைப்படம்... தேர்வு முடிவு வெளியாகும் நாளில் முதலிடம் பிடித்த மாணவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தினமும் எத்தனை மணி நேரம் படித்தாய்?" அவனும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்கிறான். அந்த எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பலர், மூன்றாம் நாளே அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.

விடாமுயற்சி, தன்னம்பிக்கை, நேரம் தவறாமை, பணிவு. இந்தப் பட்டியல் தெரியாதவர் யார்? பேச்சுப் போட்டிக்குப் போன ஒவ்வொருவருக்கும் இது மனப்பாடம். ஆனால் விடாமுயற்சி என்பது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் எப்படி இருக்கும்? கையில் என்ன வைத்திருக்கும்? பட்டியல் அதைச் சொல்வதில்லை. அதற்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த மனிதர் மைக்கேல் ஃபாரடே. இயற்பியல் பாடத்தில் வரும் அதே ஃபாரடேதான்!

வறுமையில் தொடங்கியது

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனை ஒட்டிய பகுதியில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தார் ஃபாரடே. தந்தைக்கு உடல்நலம் சரியில்லை. வீட்டில் பணத்தட்டுப்பாடு. 1801-ல் விலைவாசி ஏறிய காலத்தில், ஒரு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று சிறுவனுக்குக் கொடுக்கப்பட்டதாம். பள்ளிப் படிப்பு என்றால் எழுத, படிக்க, கொஞ்சம் கணக்குப் போட. அவ்வளவுதான்.

14 வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் அங்கே வேலை. கிழிந்த புத்தகம் தைக்க வரும். தைத்தபின் திரும்பிப் போகும். இடைப்பட்ட நேரத்தில் அதை அவர் படித்துவிடுவார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் உரையாடல் நூலும் அப்படிக் கையில் வந்தவைதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கடையில் புத்தகம் தைத்த எல்லோருக்கும் அதே காகிதங்கள்தான் கையில் கிடைத்தன. வாய்ப்பு என்பது பல நேரங்களில் வேலை வடிவத்தில்தான் வருகிறது.

முதல் பழக்கம்: படித்ததைச் செய்து பார்ப்பது

படித்ததை அப்படியே நம்பிவிடும் வழக்கம் ஃபாரடேவுக்கு இல்லை. தன்னால் முடிந்த செலவில் செய்து பார்ப்பார். 1812-ல் ஏழு அரைப் பென்னி நாணயங்கள், அதே அளவில் ஏழு துத்தநாகத் தகடுகள், நடுவே உப்புநீரில் நனைத்த காகிதத் துண்டுகள் என அடுக்கி ஒரு சிறிய மின்கலம் செய்தார். அதைக் கொண்டு ஒரு வேதிப்பொருளைப் பிரித்தும் பார்த்தார். நண்பர் அபாட்டுக்கு எழுதிய கடிதத்தில் அந்த மகிழ்ச்சி துள்ளுகிறது.

ஏழு நாணயங்கள்! ஆய்வுக்கூடம் இல்லையே என்று காத்திருக்கும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

இரண்டாம் பழக்கம்: குறிப்பெடுப்பது

1810 முதல் டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கு ஃபாரடே போனார். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தவர், கொல்லர் தொழில் செய்த அண்ணன் ராபர்ட். (தம்பிக்கு ஃபீஸ் கட்டும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு!) 1812-ல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் வில்லியம் டான்ஸ், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றவிருந்த நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கொடுத்தார். டேவி அந்நாளில் பெரும் புகழ் பெற்ற வேதியியலாளர்.

நான்கையும் கேட்ட ஃபாரடே, வீட்டுக்கு வந்து குறிப்புகளை விரித்து எழுதினார், படங்கள் வரைந்தார், தன் கையாலேயே பைண்டு செய்தார். சுமார் 300 பக்கங்கள். அதை டேவிக்கே அனுப்பி, அறிவியல் துறையில் ஒரு வேலை கேட்டார். அதற்கு முன்பே ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. அதனால் அவர் சோர்ந்து உட்காரவில்லை.

டேவி கூப்பிட்டுப் பேசினார். ஆனால் உடனே வேலை தரவில்லை. பைண்டிங் தொழிலையே பார்த்துக்கொள்ளும்படி அறிவுரைதான் கிடைத்தது! சில வாரங்களில் அங்கிருந்த ஆய்வக உதவியாளர் ஒரு சண்டையில் சிக்கி வேலை இழந்தார். டேவிக்கு நினைவுக்கு வந்தது, அந்த 300 பக்கப் புத்தகம் அனுப்பிய பையன். 1813 மார்ச்சில் ஃபாரடே வேலையில் சேர்ந்தார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் தங்க இரண்டு அறைகள்.

இது அதிர்ஷ்டம் இல்லையா? சந்தேகமே வேண்டாம், அதிர்ஷ்டம்தான். டான்ஸ் சீட்டு கொடுக்காமல் இருந்திருக்கலாம். உதவியாளர் சண்டை போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் இடம் காலியான அன்று டேவியின் மேசையில் ஒரு புத்தகம் ஏற்கெனவே இருந்தது. அதை வைத்தது அதிர்ஷ்டம் அல்ல.

குறிப்பெடுக்கும் வழக்கம் கடைசிவரை நிற்கவில்லை. ஃபாரடேவுக்கு ஞாபகசக்தி குறைவு. அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். எழுதிவைத்தே சமாளித்தார். 1832 முதல் ஆய்வக நாட்குறிப்பின் ஒவ்வொரு பத்திக்கும் வரிசை எண் போட ஆரம்பித்தார். கடைசியில் அந்த எண் 16,041-ல் நின்றது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். வெற்றி பெற்ற சோதனை, தோற்ற சோதனை இரண்டும் அதில் உண்டு. குறையை மறைப்பவருக்கு அது குறையாகவே இருக்கிறது. ஒப்புக்கொள்பவருக்கு அதுவே ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

மூன்றாம் பழக்கம்: அவமானத்தைத் தாண்டிப் பாடத்தைப் பார்ப்பது

1813 அக்டோபரில் டேவி தம்பதியர் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டனர். டேவியின் வேலையாள் வர மறுத்துவிட்டதால், ஃபாரடே உதவியாளராகவும் எடுபிடியாகவும் போக நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பாதியிலேயே ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட ஃபாரடே நினைத்தார்.

திரும்பவில்லை. அந்த ஒன்றரை ஆண்டில் பிரெஞ்சும் இத்தாலியமும் பழகினார். ஆம்பியரைச் சந்தித்தார், வோல்டாவைச் சந்தித்தார். பல்கலைக்கழகப் படிக்கட்டு ஏறாதவருக்கு அந்தப் பயணமே பல்கலைக்கழகம் ஆனது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அவமானத்தைச் சகிப்பதே நல்ல குணம் என்று இதற்குப் பொருள் இல்லை. டேவியின் மனைவி செய்தது தவறுதான். இருப்பதா, போவதா என்று முடிவெடுக்கும்போது அந்த இளைஞர் எடைபோட்டது, "அங்கே கற்றுக்கொள்ள இன்னும் என்ன இருக்கிறது" என்பதை. அவ்வளவே.

நான்காம் பழக்கம்: கேள்வியை விடாமல் வைத்திருப்பது

1820-ல் ஓர்ஸ்டெட் என்ற டென்மார்க் அறிஞர், மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியை அசைக்கிறது என்று கண்டறிந்தார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் கிடைக்குமா? 1822-லேயே ஃபாரடே இதைத் தன் குறிப்பேட்டில் ஒரு வேலையாக எழுதி வைத்தார். 1824-ல் முயன்றார், நடக்கவில்லை. 1825-ல் முயன்றார், நடக்கவில்லை. 1828-லும் அதே கதை.

1831 ஆகஸ்ட் 29. ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கமும் தனித்தனியாகக் கம்பி சுற்றினார். ஒரு பக்கத்தில் மின்கலத்தை இணைத்தார். மறுபக்கத்தில் இருந்த ஊசி ஒருகணம் துடித்து, நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது மறுபடியும் ஒரு துடிப்பு. மின்சாரம் சீராக ஓடும்போது ஒன்றுமே இல்லை. மாற்றம் நிகழும் கணத்தில் மட்டுமே மறுபக்கம் மின்சாரம் பிறக்கிறது என்று புரிந்தது. இன்று தெருமுனை டிரான்ஸ்பார்மரும், அணைக்கட்டில் சுழலும் ஜெனரேட்டரும் அந்த ஒருகணத் துடிப்பின் பிள்ளைகள்.

இதே நேரத்தில் இன்னொரு கதையும் உண்டு. ஜெனீவாவில் கொலாடோன் என்ற அறிஞர் 1825-லேயே இதை நெருங்கிவிட்டார். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நுழைத்துப் பார்த்தார். ஆனால் காந்தம் நேரடியாக ஊசியைப் பாதித்துவிடக் கூடாதே என்ற கவனத்தில், ஊசியை வேறு அறையில் வைத்திருந்தார். காந்தத்தை நுழைத்துவிட்டு அந்த அறைக்கு நடந்து போய்ப் பார்ப்பதற்குள் ஊசி துடித்து அடங்கிவிட்டது!

கொலாடோன் சோம்பேறி இல்லை. அறிவு குறைந்தவரும் இல்லை. மிகவும் கவனமானவர். பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் இருந்திருந்தால் பாடப்புத்தகத்தில் அவர் பெயர் வந்திருக்கும். வெற்றி பெறாதவர்கள் எல்லோரும் முயற்சி செய்யாதவர்கள் என்று பேசுபவர்கள் இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

ஐந்தாம் பழக்கம்: தோற்றதைத் தூக்கி எறியாதது

1820-களின் இறுதியில் தொலைநோக்கிகளுக்கு நல்ல கண்ணாடி தயாரிக்கும் வேலை ஃபாரடேவிடம் வந்தது. ஆண்டுக்கணக்கில் உலை முன்னால் நின்றும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. வீண் உழைப்பு என்றே யாரும் சொல்வார்கள். ஆனால் அப்போது செய்த ஈயம் கலந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்று பத்திரமாக இருந்தது. 1845 செப்டம்பர் 13 அன்று, வலிமையான காந்தத்தின் அருகில் அந்தக் கண்ணாடியை வைத்து ஒளியைச் செலுத்தியபோது, ஒளியின் அதிர்வுத் தளம் திரும்பியது. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று காட்டிய முதல் சோதனை அது. தோல்வியில் கிடைத்த பொருள், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வெற்றிக்குக் கைகொடுத்தது.

கணக்கு வராதவர்

ஃபாரடேவுக்கு உயர்கணிதம் தெரியாது. அவருடைய கட்டுரைகளில் சமன்பாடுகளைக் காண்பது அரிது. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் காட்டும் கோடுகளை மனதில் வைத்தே சிந்தித்தார். பல அறிஞர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற இளைஞர் அந்தக் கோடுகளைக் கணித மொழிக்கு மாற்றினார். 1857-ல், 66 வயது ஃபாரடே அவருக்கு ஒரு கடிதம் எழுதி, கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று கேட்டார். உலகப் புகழ் பெற்றவர், தன் வயதில் பாதிகூட இல்லாத ஒருவரிடம் "எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்" என்ற பொருளில் கேட்கிறார்! வகுப்பில் சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

கடைசிச் சோதனை

1862 மார்ச் 12. வயது எழுபது. ஞாபகம் ஏறக்குறைய கைவிட்ட நிலை. காந்தத்தின் அருகே வைத்தால் சுடரின் நிறமாலைக் கோடுகள் மாறுமா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அப்படியே எழுதிவைத்தார். 1867-ல் மறைந்தார்.

1896-ல் சீமான் என்ற டச்சு அறிஞர், இன்னும் நுட்பமான கருவியோடு அதே கேள்வியைக் கேட்டார். கோடுகள் மாறின! 1902-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஃபாரடேவின் கேள்வி சரி, கருவிதான் போதவில்லை. நல்ல பழக்கங்கள் எல்லாம் இருந்தும் அன்று பலன் கிடைக்கவில்லை. ஆனால் எழுதிவைத்த தோல்வி, இன்னொருவர் தொடங்கும் இடமாக ஆனது.

ஆக, பழக்கங்கள் வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல. அப்படிச் சொல்லும் புத்தகங்கள் பாதி உண்மையையே சொல்கின்றன. ஷில்லிங் கொடுக்க ஓர் அண்ணன், சீட்டு கொடுக்க ஒரு வாடிக்கையாளர் என்று பிறர் கைகளும் வேண்டியிருக்கிறது. நம் கையில் இருப்பது அந்தக் கைகள் நீளும் நாளில் தயாராக இருப்பது மட்டும்தான். முடிந்தால் இன்னொரு தம்பிக்கு அந்த ஒரு ஷில்லிங்கைக் கொடுப்பதும்.

இன்று இரவு தூங்கப் போகும் முன் ஒரு நோட்டை எடுங்கள் நண்பர்களே. இன்று என்ன முயன்றீர்கள், என்ன நடக்கவில்லை என்று ஒரு பத்தி எழுதி, அதன் தலையில் எண் 1 என்று போடுங்கள். 16,041 வரை போக வேண்டும் என்பதில்லை. நாளை 2 வந்தால் போதும்!