டிகிரிக்குப் பிறகு பத்தாம் வகுப்பு

வெள்ளிமலையில் கிளம்பிய பஸ் கோமுகி அணையைத் தாண்டி இறங்கும்வரை, மடியிலிருந்த ஃபைலை விட்டு அவள் கையை எடுக்கவில்லை. உள்ளே பிளாஸ்டிக் உறையில் பி.ஏ. பட்டம். கல்வராயன் மலையில் அவள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் பெண் அவள்தான். அன்று கள்ளக்குறிச்சிக்குப் போனது டி.என்.பி.எஸ்.சி.யில் பதிவு செய்ய.

கம்ப்யூட்டர் சென்டர் பையன் பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்று என்று மளமளவென்று அடித்துக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் நிமிர்ந்தான்.

"டென்த் ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்கக்கா."

"நான் பத்தாவது எழுதலப்பா. நேரா டிகிரிதான்."

அவன் திரையையும் பட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இந்தக் கட்டத்த நிரப்பாம அடுத்த பக்கம் போவாதுக்கா."

பின்னால் வரிசை நின்றது. அவள் ஃபைலை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள் அவள். அப்பாவும் அம்மாவும் காபி எஸ்டேட் வேலைக்குப் போக, தம்பிகள் இரண்டு பேரையும் ஆயாவையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. மலையில் இது புதுக் கதை இல்லை. ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த கல்வராயன் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976-ல்தான். சாலையும் பள்ளியும் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறி வந்தவை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, இந்த மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கல்யாணமாகி, மகன் பிறந்த பிறகுதான் அவளுக்கு மறுபடி படிப்பு ஞாபகம் வந்தது. டவுனில் ஒரு படிப்பு மையத்தின் போர்டு கண்ணில் பட்டது. 18 வயது ஆகியிருந்தால் போதும், ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு நேராக டிகிரியில் சேரலாம் என்றார்கள். பள்ளியை விட்டவர்களுக்கு இன்னொரு கதவு என்பதுதானே திறந்தநிலைப் படிப்பின் நோக்கமே! மரவள்ளிக்கிழங்கு விற்ற காசில் ஃபீஸ் கட்டினாள். மகனைத் தூங்க வைத்துவிட்டு இரவில் படித்தாள். ஆயத்தப் படிப்பு, மூன்று வருட டிகிரி, நடுவில் தவறிய பேப்பர்கள் என ஐந்து வருடங்கள் போயின. 'அரசு வேலைக்கு இது செல்லுமா?' என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. பட்டம் என்றால் பட்டம்தானே?

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் கள்ளக்குறிச்சியில் போட்டித் தேர்வுக்கு வகுப்பெடுக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இது போலிப் பட்டம் இல்ல. பல்கலைக்கழகம் முறையா கொடுத்ததுதான். ஆனா அரசு வேலைக்கு வரிசை கேப்பாங்க."

விவரமாகச் சொன்னார். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் ஆகஸ்ட் 18-ம் தேதி தமிழக அரசு 107-ம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ இரண்டிலும் தேர்ச்சி பெற்ற பிறகு வாங்கிய திறந்தநிலைப் பட்டம்தான் அரசு வேலைக்குச் செல்லும். பத்து, இரண்டு, மூன்று என்ற வரிசை மாறக் கூடாது.

"அப்ப என் அஞ்சு வருசம், சார்?"

அவரிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பத்தாவதை எழுதிடும்மா. குரூப் 4-க்கு அது போதும்" என்றார்.

'குரூப் 4-க்குப் போதும்' என்பது சுலபமான சொல். 2018-ல் 9,351 இடங்களுக்கான குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற அந்த வரிசையில் இன்ஜினீயர்களும் முதுகலைப் பட்டதாரிகளும் நிற்கிறார்கள்.

"அப்படின்னா டிகிரி படிச்சதையே சொல்லாம விட்டுடட்டுமா சார்?"

"அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாத" என்றார். ப்ளஸ் டூவுக்கு மேல் படித்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு வங்கி கடைநிலை ஊழியர் வேலைக்கு ஆள் எடுத்தது. பட்டப்படிப்பை மறைத்துச் சேர்ந்தார் ஒருவர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2020-ல் வங்கி எடுத்த முடிவு சரியே என்று தீர்ப்பானது. குறைவாகப் படித்தாலும் சிக்கல், கூடுதலாகப் படித்து மறைத்தாலும் சிக்கல்.

வீட்டுக்குத் திரும்பியவள் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சித்தி மகள்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கி, பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, மறுபடி எழுதி, ப்ளஸ் டூ முடித்து, கல்லூரிக்கும் போனவள்.

"நீ ராத்திரியெல்லாம் படிச்சத நான் பாத்தேன்க்கா. அது பொய்யில்ல. ஆனா ஒரு கணக்குப் பரீட்சைக்காக நான் ஒரு வருசம் அழுதேன். அந்தப் படிய ஏறாமலே வரலாம்னா, நான் எதுக்கு அழுதேன்?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தங்கை சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. படிப்படியாக ஏறி வந்தவர்களின் உழைப்புக்கு அது காவல். அவளுக்கு ஆறாத வருத்தம் வேறு. அவள் ஃபீஸ் கட்டப் போன நாளில் அந்த அரசாணை ஏற்கெனவே நடப்பில் இருந்தது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு வரி, பணம் வாங்கியவர் வாயில் ஒரு வார்த்தை இருந்திருந்தால், அந்த ஐந்து வருடத்தில் பத்தாவதும் ப்ளஸ் டூவும் முடித்து டிகிரியிலும் கால் வைத்திருப்பாள். கடுமையான விதியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். காலம் போன பிறகு தெரியவரும் விதியைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் யாராவது படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாக இருந்தால், பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஒன்று, பத்தாவது, ப்ளஸ் டூ, பட்டம் என்ற வரிசை இருக்கிறதா? இரண்டு, பட்டத்தின் பெயர் வேலை அறிவிப்பில் கேட்கும் பெயரோடு அப்படியே பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால், இரண்டும் சமம் என்று சொல்லும் அரசாணை வேண்டும். அதுவும் வேலை அறிவிப்பு வரும் முன்பே வெளியாகியிருக்க வேண்டும்.

அவள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்தாள். அறிவியல் செய்முறைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றார்கள். "டிகிரி முடிச்சவ டென்த் எழுதப் போறாளாம்" என்று பஸ் ஸ்டாப்பில் யாரோ சிரித்தார்கள். வீட்டுக்காரர் மட்டும், "சிரிக்கிறவன் வந்து எழுதுவானா? நீ போ" என்று சொல்லி, அன்றைக்குக் கிழங்குக் காட்டு வேலையைத் தானே பார்த்துக்கொண்டார்.

லேபில் அவள் பக்கத்தில் நின்றது மகன் வயதைவிடச் சில வருடங்களே கூடிய ஒரு பையன். சோதனைக் குழாயைப் பிடிக்க அவன்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். பதிலுக்கு அவள் அவனுடைய தமிழ்க் கட்டுரையில் ஒற்றுப் பிழை திருத்திக் கொடுத்தாள். பட்டத்துக்குப் படித்தது அன்றைக்கு உதவியது.

கணக்கில் 41 மார்க் வாங்கித் தேறினாள்.

மறுபடி அதே கம்ப்யூட்டர் சென்டர். அதே பையன். பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்று என்று அடித்துக்கொண்டே வந்து நிமிர்ந்தான். அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள் ரிஜிஸ்டர் நம்பரைச் சொன்னாள், ஃபைலைத் திறக்காமலே.

அடுத்த பக்கம் திறந்தது. ப்ளஸ் டூ கட்டம் இன்னும் காலிதான். புத்தகங்களைத் தங்கையிடம் வாங்கி வைத்திருக்கிறாள்.